எண் விழாத பக்கம்

தேநீருக்கு நன்றி, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், இருந்தாலும் பரவாயில்லை. யார் எதைச் செய்து கொடுத்தாலும் அதில் குறை சொல்லிப் பழகியவள் இல்லை நான். அப்படிப் பழகியவர் எங்கள் வீட்டில் வேறொருவர், என் அண்ணி. அவர் உங்களிடம்தான் தலைமை மெய்ப்புத் திருத்துநராக இருக்கிறார், அதாவது போன வாரம் வரை இருந்தார். அவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நாம் அச்சிட்ட தண்ணீர் மோட்டார் கையேட்டில், பராமரிப்புப் பகுதியின் முதல் பக்கத்தில் மட்டும் பக்க எண் ஏன் விழவில்லை? பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேக்ரோவில் பிழை, பாப்பா கவனிக்காமல் விட்டுவிட்டாள். அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே கணினிப் பிரிவுக்காரர் காதில் விழும்படி சொன்னீர்கள். "பரவாயில்லம்மா, மனுஷங்கதானே, தப்பு வரத்தான் செய்யும்" என்று தோளில் தட்டாத குறையாக ஆறுதலும் சொன்னீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாப்பா என்பது நான்தான். முன்நெற்றியில் நரை விழுந்த பிறகும் வீட்டிலும் அலுவலகத்திலும் நான் பாப்பாதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அண்ணன் வீடுதான் என் வீடு. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அண்ணி. சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து ஈரத்துணி மாற்றியதும் அவர்தான். மாற்றிக்கொண்டே, "தெர்மாமீட்டரத் தலைகீழா வச்சிருந்திருக்க பாப்பா" என்றும் சொன்னார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அண்ணிக்கு அந்த எண்ணெய்ச் செலவே கிடையாது. பிறக்கும்போதே ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். தலையணை உறையின் தையல் வெளிப்பக்கம் இருப்பது, டம்ளரின் அடியில் சோப்பு ஒட்டியிருப்பது, என் கம்மலில் ஒன்று மற்றதைவிட ஒரு நூல் இறங்கித் தொங்குவது எதுவும் தப்பாது. திட்டவும் மாட்டார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் கஷ்டம். திட்டினால் திருப்பித் திட்டலாம், சிரிக்கிறவரை என்ன செய்வது?

அந்த வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒருநாள் "என் தப்புதான்" என்று சொல்லியிருக்கிறோம். அண்ணன் தினமும் சொல்வான், பழகிப்போய்விட்டது. அண்ணி மட்டும் சொன்னதே இல்லை. தலைக்கனம் என்று நினைக்காதீர்கள். சொல்வதற்கு அவரிடம் தப்பு இருந்ததில்லை. எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் பட்டது.

பைண்டிங் பிரிவில் ஒருவர் இருந்தாரே, உயரமாக, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து, அவர் ஒருமுறை எனக்கு நாலு பக்கத்துக்கு ஒரு காதல் கடிதம் எழுதினார். வீட்டில் சொல்லத்தானே வேண்டும் என்று அதை அண்ணியிடம் காட்டினேன். அண்ணி கண் கலங்கப் படித்தார், "நல்ல பையன், விட்றாத" என்றார், திருப்பிக் கொடுத்தார். கையில் வாங்கிப் பார்த்தால் ஓரமெல்லாம் சிவப்பு மை. "உன்னை நினைக்காத நாளே இல்லை" என்பது இரண்டு இடத்தில் வருகிறது, ஒன்றை எடுத்துவிடலாம் என்று குறி போட்டிருந்தார். பாவம், கை தன்னால் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த மனிதர் எதிரே வந்து ஏதாவது சொன்னால், எந்த வார்த்தையை எடுத்துவிடலாம் என்றே எனக்கு ஓடும். அவர் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

இனி வேலைக்கு வருகிறேன். நம் அச்சுக்கோப்பு மொழி பழையது. திரையில் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்குவது அதில் கிடையாது. எழுதியதற்கு நடுவே கட்டளைகளை வைப்போம், நாலைந்து கட்டளைகளை ஒரு கட்டாகக் கட்டினால் அது மேக்ரோ. பக்கத்தில் இன்ன உயரத்துக்கு வந்ததும் இந்த மேக்ரோ ஓடட்டும் என்று நட்டு வைத்தால், அது பொறி. பக்கத்தின் அடியில் எண் விழுவதே அப்படி ஒரு பொறியால்தான். ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்து அந்த உயரத்துக்கு இறங்கியதும் எண் விழும், அடுத்த பக்கம் தொடங்கும். யாரும் கையால் எண்ணைத் தட்டுவதில்லை.

இதில் ஒரு வசதி உண்டு. பொறிக்குள்ளேயே, "வேலை முடிந்ததும் உன்னை நீயே எடுத்துக்கொண்டு போ" என்று எழுதிவிடலாம். ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஏதாவது செய்ய வேண்டுமென்றால் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். ஒரு எலியைப் பிடித்ததும் தானே நடந்து சமையலறையைவிட்டு வெளியே போய்விடுகிற எலிப்பொறி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயமான வேலைக்காகக் கண்டுபிடித்தது. நானும் பல வருடம் நாணயமாகத்தான் பயன்படுத்தினேன்.

முதலில் துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு. பராமரிப்பு என்ற தலைப்பு வந்ததும் என் பொறி தன்னை நட்டுக்கொள்ளும். அந்தப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரியைப் போடும், தன்னை எடுத்துக்கொண்டு போய்விடும். மெய்ப்புக்காக ஓட்டும்போது அது தூங்கும். அச்சுத் தகட்டுக்குப் போகிற இறுதி ஓட்டத்தில் மட்டும் விழிக்கும். அந்த வரி இது: "பிறகு மூடியை இருமுறை தட்டி, சபாஷ் சொல்லவும்."

என் ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணி ஒருமுறை, ஒரே ஒருமுறை, "என் தப்புதான்" என்று சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் அன்றோடு விட்டுவிடுவது என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். கம்பெனிக்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார், கையேட்டைத் திருப்பி அட்டையைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். "மெய்ப்புல நான்தான் சார் கையெழுத்துப் போட்டேன். ஆனா இந்த வரி அங்க இல்ல" என்றார். கவனித்தீர்களா, தப்பு என்று சொல்லவில்லை. நானும் என் மேசையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அண்ணி அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறு என்று இருந்தது, பொய் சொல்வானேன்.

அடுத்தது தையல் இயந்திரம். "நூல் அடிக்கடி அறுந்தால் மாமியாரை வேறு அறைக்கு அனுப்பவும்." இந்த முறை நீங்கள் ஊசியை விசாரிக்கச் சொன்னீர்கள். கணினிப் பிரிவில் ஒல்லியாக இருப்பாரே, அவரைத்தான் நாங்கள் ஊசி என்கிறோம். அவருக்கு அது தெரியாது, இப்போது தெரிந்துவிடும். ஊசி கோப்பைத் திறந்து தேடினார். அந்த வரி இல்லை. மேக்ரோவிலும் தேடினார். நான் அங்கே எழுத்துகளை எழுத்தாக வைக்கவில்லை, ஒவ்வொன்றையும் எண்ணாக மாற்றி வைத்திருந்தேன். கடைசியாக, மிகவும் கெட்டிக்காரத்தனமாக, கோப்பின் முடிவில் ஒரு கட்டளை போட்டு, "என்னென்ன பொறிகள் நட்டிருக்கின்றன?" என்று கணினியையே கேட்டார். தலைப்புக்கு ஒன்று, பக்க எண்ணுக்கு ஒன்று, வேறு எதுவும் இல்லை என்று அது பதில் சொன்னது. பேருந்து போன பிறகு நிறுத்தத்தில் நின்றுகொண்டு, யாரெல்லாம் ஏறினார்கள் என்று பார்த்தால் எப்படித் தெரியும்? நடுவில் கேட்டிருக்க வேண்டும். அவருக்குத் தோன்றவில்லை.

அதனால் முடிவு சுலபமாகிவிட்டது. நம் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவரே கடைசித் திருத்தங்களைத் தட்டவும் வேண்டும். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவரும் அண்ணிதான், அவருக்கு வேறு யார் கையிலும் நம்பிக்கை கிடையாது. அவருக்குப் பிறகு கோப்பை யாரும் தொடுவதில்லை. ஆகவே அந்த வரியைத் தட்டியவர் அவர், பிறகு பயந்துபோய் அழித்தவரும் அவர் என்றார் ஊசி. நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். "வேலை ஜாஸ்தி. கை ஒண்ணு நினைக்கும், மனசு ஒண்ணு நினைக்கும். விடுங்க மேடம்."

மூன்றாவது, நாற்காலியின் பாகங்களைப் பூட்டும் முறை. "மீதமிருக்கும் திருகை யாரும் பார்க்காதபோது பையில் போட்டுக்கொள்ளவும்." அன்றைக்கு அண்ணி உங்கள் முன்னால் நின்று, "என் தப்புதான் சார்" என்றார்.

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் நினைத்தேன். ஆனால் அவர் மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார் சார். நீங்கள் எதிரே இருந்தீர்கள், உங்களுக்குக் கேட்டது. என் மேசை வரை சரியாக வந்து சேரவில்லை.

பிறகு அவர் கண் மருத்துவரிடம் போனார். நானும் கூடப் போனேன், துணைக்கு ஆள் வேண்டாமா? கண் கண்ணாடிபோல் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். அண்ணி சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண் சரியாக இருக்கிறது என்றால், கோளாறு கண்ணுக்குப் பின்னால்தானே இருக்க வேண்டும்? அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் கிடந்தவர். சொந்த மகளைப் பார்த்து, "நீ யாரும்மா, நல்லா இருக்கியே" என்று கேட்டவர். அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இல்லை, வந்தது. ஆனால் வேலை பாதியில் இருந்தது.

வீட்டில் நிலைமை மாறிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டு, "பூட்டிட்டேனா பாப்பா?" என்பார். அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். தலையணை உறையை நான் வேண்டுமென்றே திருப்பிப் போட்டு வைத்தேன். பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமா? அண்ணன்கூட ஒருநாள், "அவ இப்பல்லாம் ஒண்ணுமே சொல்றதில்ல, எனக்குப் பயமா இருக்கு பாப்பா" என்றான். நன்றி கெட்டவன்.

ஒரு சாயங்காலம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பேருந்து வந்தது. எண் தெளிவாகத்தான் இருந்தது. அண்ணி என் கையைப் பிடித்து, "இது நம்ம பஸ்தானே?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. பேருந்து போய்விட்டது. மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே நின்றபோது அவர், "நீ மட்டும் இல்லன்னா நான் எங்கயாவது போய் இறங்கியிருப்பேன்" என்றார். நான் சொன்னதை அவர் திருத்தாமல் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதற்கடுத்து வந்தது குளிர்பதனப் பெட்டி. அந்த வரி என் வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. "கதவைத் திறந்ததும், எதற்காகத் திறந்தோம் என்று ஒரு நிமிடம் யோசிக்கவும்." அலுவலகமே சிரித்தது, நீங்கள்கூட மீசைக்குள் சிரித்தீர்கள். அண்ணி மட்டும் அதை மூன்று தடவை படித்தார். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இத நான் எனக்கே எழுதிக்கிறேன் போலருக்கு, பாப்பா" என்றார். "உள்ள இருந்து யாரோ சொல்லிப் பாக்கறாங்க, எனக்குத்தான் கேக்கல. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும், இல்ல?"

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? மறுநாள் அவர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். தண்ணீர் மோட்டார் கையேட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள். அவர் மேசையில் என்னை உட்கார வைக்கலாமா என்று யோசிப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதை மனதில் வைத்து நான் எதையும் செய்யவில்லை என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பொறியும் பக்க எண்ணின் பொறியும் ஒரே உயரத்தில் இருப்பவை. ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் மேலே இருப்பது மட்டும்தான் வேலை செய்யும், கீழே இருப்பது மறைந்துவிடும். ஆகவே என் பொறி போகிற போக்கில் பக்க எண்ணையும் தானே கூப்பிட்டுப் போட வைக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி. முந்தைய கையேடுகளில் எல்லாம் அந்த வரி இருந்தது, எண் ஒழுங்காக விழுந்தது. மோட்டார் கையேட்டுக்கு, பிரிவு உபசாரமாக இருக்கட்டுமே என்று பொறியைப் புதிதாக, இன்னும் அழகாக எழுத உட்கார்ந்தேன். பாதியில் அண்ணி வந்து பின்னால் நின்றார். சட்டென்று திரையை மறைத்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. என் தலையில் கை வைத்து, "இத்தன வருஷத்துல உன் மேக்ரோல மட்டும் நான் ஒரு தப்பு பாத்ததில்ல பாப்பா" என்றார்.

இருக்கிற வேலையில் இப்படி ஒருவர் வந்து பாராட்டினால் யாருக்குத்தான் கவனம் நிற்கும்? அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. "மோட்டார் சுற்றவில்லை என்றால் நீங்கள் ஒருமுறை சுற்றிக் காட்டவும்" என்பது விழுந்தது. எண் விழவில்லை.

அச்சான கையேடு வந்த அன்று அண்ணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த வரியை அல்ல, அதற்குக் கீழே இருந்த வெற்றிடத்தை.

"பாப்பா, பக்க நம்பர யாரு டைப் பண்றா?"

"யாரும் பண்றதில்ல அண்ணி. அதுவா விழும்."

"நான் நெனச்சாலும் அத எடுக்க முடியாதில்ல?"

"முடியாது அண்ணி. அது மேக்ரோல இருக்கு."

"ம்" என்றார். கையேட்டை மூடினார். அன்றைக்கு இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்தவர் என் காதைப் பார்த்து, "இடது பக்கக் கம்மல் இறங்கியிருக்கு" என்றார். அடுப்பைத் தானே அணைத்தார், என்னைக் கூப்பிடவில்லை.

மறுநாள் அவர் உங்களிடம் வந்து பேசியதை நீங்களே எனக்குச் சொன்னீர்கள். "அந்த வரிங்க எல்லாம் எப்படி வந்துச்சோ, போகட்டும் சார். பக்க நம்பர் விட்டது மட்டும் எங்க பாப்பா மேக்ரோல உள்ள தப்பு. சின்னப் பொண்ணு, கவனக்குறைவு, பெரிசு பண்ணாதீங்க. இனிமே அவ மேக்ரோவ எல்லாம் கம்ப்யூட்டர்காரர் ஒரு தடவ பாத்துக் குடுக்கட்டும்." எனக்காக மன்றாடியிருக்கிறார். ஊசி பார்த்துக் கொடுப்பதாம். கோப்பின் முடிவில் நின்று பொறியைத் தேடுகிற ஊசி.

நேற்று முழுக்க நான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன் சார். சாப்பாடு இறங்கவில்லை. கவனக்குறைவு. இந்த அலுவலகத்தில் யாரும் இதுவரை என் வேலையை அந்தச் சொல்லால் சொன்னதில்லை. அதனால்தான் வந்தேன். கவனக்குறைவாக ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து கையேடுகளிலும் ஐந்து வரிகளையும் நான்தான் போட்டேன், ஒவ்வொன்றையும் யோசித்து, இடம் பார்த்து, தடயம் இல்லாமல் போட்டேன். அண்ணி ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. நம்பிக்கை இல்லையென்றால் ஊசியைக் கூப்பிடுங்கள், பராமரிப்பு என்ற தலைப்புக்கு அடுத்த வரியில் அந்தக் கட்டளையைப் போட்டு, இறுதி ஓட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாவதாக ஒரு பொறி அங்கே உட்கார்ந்திருக்கும். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறேன் என்று அவரும் ஒருமுறை பார்க்கட்டும். பக்க எண் விட்டுப்போனதை மட்டும், தயவுசெய்து, பிழை என்று எங்கேயும் எழுதாதீர்கள். அது இடையூறு.

அண்ணியைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அண்ணனோடு தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். இதையெல்லாம் கேட்டால் அதிர்ந்துபோவார், பக்குவமாகச் சொல்லுங்கள். கனவில்கூட என்னை அவர் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். காலையில் பெட்டியோடு வாசலில் நின்றவர், என் கம்மலைச் சரிசெய்துவிட்டு, "சார் மறுபடி கேட்டா, தெரியாம கவனக்குறைவா விட்டுட்டேன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லிடாத பாப்பா, என்ன?" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். பாவம் சார் அவர், அவருக்குச் சூதுவாது எதுவும் தெரியாது.